பச்சக் கொழந்தைக்கு ஊசி குத்தறப்ப வலியை எப்படிங்க கொறைக்கிறது? அம்மாமாருங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கமுங்க, பச்சக் கொழந்தை வார்டுல நர்ஸா வேலை பாக்கறேன். அந்தியூரு, பவானி, சத்தி, கவுந்தப்பாடின்னு சுத்துப்பட்டு ஊர்ல இருந்து பிரசவத்துக்கு வர்ற புள்ளைங்க எங்கிட்ட திருப்பித் திருப்பி கேக்கறதையெல்லாம் ஒட்டுக்கா ஒரு எடத்துல எழுதி வெக்கோணும்னு நெம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். மருந்து மாத்திரை இல்லாம அம்மா, அப்பா, வீட்டுப் பெரியவங்க கையால செய்யக்கூடியதைத்தான் சொல்றேன். உங்க கொழந்தைக்குன்னு தனியா ஏதாச்சும் பிரச்சனை இருந்தா டாக்டர் சொல்றபடி கேட்டுக்கோங்க.

இத்தனூண்டு கொழந்தைக்கு வலி தெரியுமுங்களா? "இப்ப அழுகும், இப்பவே மறந்துரும்"னு பெரியவங்க சொல்றாங்களே?

தெரியுமுங்க, நல்லாவே தெரியும். ஆனா உங்க அம்முச்சி அப்படிச் சொன்னா அவங்களைக் கோவிச்சுக்காதீங்க, 1980கள் பாதி வரைக்கும் பெரிய பெரிய நாட்டு டாக்டருங்களே பச்சக் கொழந்தைக்கு நரம்பு இன்னும் முத்தல, வலி தெரியாதுன்னுதான் நெனச்சிட்டிருந்தாங்க, நெறைய ஆஸ்பத்திரில ஆபரேசனுக்கே கொழந்தை அசையாம இருக்க ஒரு மருந்து குடுப்பாங்களே தவிர வலிக்குன்னு சரியா எதுவும் குடுக்க மாட்டாங்க. நம்ம இந்தூர்ல டாக்டருக்குப் படிச்சு ஆக்ஸ்போர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த்னு ஒருத்தரு, ஆபரேசன் முடிஞ்சு வர்ற குறைமாசக் கொழந்தைங்க அத்தனை மோசமா ஏன் ஆகறாங்கன்னு பாத்துப் பாத்து ஆராய்ச்சி பண்ணுனாரு. சரியான வலி மருந்து குடுத்த கொழந்தைங்க நல்லா தேறி வந்ததை 1987ல எழுதுனாரு, அப்பறம்தான் ஒலகமே திரும்பிப் பாத்துச்சு.

மறந்துரும்ங்கறதும் சரியில்லீங்க. கனடாவுல 1997ல வந்த ஒரு ஆராய்ச்சில, பொறந்த புதுசுல சுன்னத்து பண்ணுன ஆம்பளக் கொழந்தைங்க 4லிருந்து 6 மாசத்துல தடுப்பூசி போடறப்ப, பண்ணாத கொழந்தைங்களை விட எச்சா வலி காட்டி எச்சா நேரம் அழுதுருக்காங்க. அதுலயும் சுன்னத்துக்கு முன்ன மரத்துப்போற கிரீம் தடவுன கொழந்தைங்களுக்கு அது கொஞ்சம் கம்மி. மனசு மறந்தாலும் ஒடம்பு ஞாபகம் வெச்சிருக்குது பாருங்க.

எங்கொழந்தை ஊசிக்கு அழுகவே இல்லீங்க. அப்ப வலிக்கலைன்னு எடுத்துக்கலாமா?

அழுகையை மட்டும் நம்பாதீங்க, மூஞ்சியப் பாருங்க. புருவம் ரெண்டும் நடுவுல நெரிஞ்சு புடைக்கும், கண்ணை இறுக்கி மூடும், மூக்கோரத்துல இருந்து வாய் வரைக்கும் ஒரு கோடு ஆழமா விழுகும், வாய் தொறந்து நாக்கு விறைச்சுக்கும். வெரலையெல்லாம் விரிச்சு விசிறியாட்டம் வெக்கும், இல்லைன்னா கெட்டியா மூடிக்கும். நாங்க வார்டுல வலிக்கு மார்க் போடறதே இந்த மாதிரி மூஞ்சி, அழுகை, மூச்சு, கை, கால், முழிப்பு இதையெல்லாம் பாத்துத்தான்.

குறைமாசக் கொழந்தைங்க விசயத்துல இன்னும் கவனமா இருக்கோணும். வலியை உள்ளுக்குள்ள அடக்கற நரம்பு வேலை அவங்களுக்கு இன்னும் முழுசா வரல, அதனால வலி எச்சாத்தான் இருக்கும், ஆனா அழுகறதுக்குத் தெம்பு இருக்காது. அப்படியே துவண்டு கெடக்கும். அமைதியான கொழந்தைன்னு நாம சொல்லிக்கிட்டிருப்போம்.

பொறந்ததும் என்னென்ன குத்தறாங்க?

தொடையில வைட்டமின் கே, அது ரத்தக்கசிவு வராம இருக்க. 24 மணி நேரத்துக்குள்ள தொடையில ஹெபடைடிஸ் பி, எடது கையில பி.சி.ஜி.ங்கற காசநோய்த் தடுப்பூசி. மஞ்சக்காமாலைன்னு சந்தேகம் வந்தா ரத்தம் எடுப்பாங்க, சர்க்கரை அளவு பாக்க குதிகால்ல குத்துவாங்க. அப்பறம் ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூணரை மாசத்துல தடுப்பூசிங்க. இன்குபேட்டர்ல இருக்கற கொழந்தைன்னா வென்ஃப்ளான் (மருந்து ஏத்த நரம்புல குத்தி வெக்கற சின்னக் குழாய்), மூக்கு வழியா டியூபு, டேப் பிய்க்கறது, கண் பரிசோதனைன்னு வரிசையா வரும். பாரீஸ் பக்கத்து ஐ.சி.யூக்கள்ல 430 கொழந்தைங்களைக் கூடவே இருந்து எண்ணிப் பாத்ததுல ஒரு நாளைக்கு சராசரியா 10 தடவை வலிக்கற மாதிரி ஏதாச்சும் நடந்துருக்கு, அதுல பாதிக்கும் மேல வலிக்குன்னு எதுவுமே செய்யாம. 2008ல வந்த கணக்கு அது. படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

மருந்தில்லாம எதுங்க நல்லா கேக்கும்?

தாய்ப்பால். ஊசிக்கு அப்பறம் சமாதானப்படுத்தக் குடுக்கறது இல்லீங்க, ஊசி எறங்கறப்பவே கொழந்தை குடிச்சுக்கிட்டு இருக்கோணும். இதுதான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கற எடம்.

எப்படின்னு சொல்றேன். ஊசிக்கு ஒரு அஞ்சு நிமிசம் முன்னாடியே சாஞ்சு உக்காந்து கொழந்தையை மாரோட அணைச்சு வாயில வெச்சுக்கோங்க. மொதல்ல சின்னச் சின்னதா வேகமா சப்பும், அப்ப ஊசி வேண்டாம். சித்த நேரத்துல பால் எறங்கி, ஒரு சப்பு ஒரு முழுங்குன்னு தாளமா வரும், முழுங்கற சத்தம் உங்களுக்கே கேக்கும், காதோரத்துல தாடை அசையறது தெரியும். அப்பக் கையைப் பாருங்க. மூடி வெச்சிருந்த கை மெதுவா விரிஞ்சு உங்க மேல பூ மாதிரி கெடக்கும். அதுதான் நேரம். தொடைத் துணியை மட்டும் வெலக்குங்க, நர்ஸு ஸ்பிரிட் தொடச்சு அது காயட்டும், ஈரத்தோட குத்துனா எரியும். ஊசி போகறப்ப கொழந்தை ஒரு நொடி வாயை நிறுத்தும், சிலது விட்டுட்டு ஒரு கத்து கத்தும். மாரை எடுத்துராதீங்க. அங்கயே இருந்தா தானா திரும்பப் புடிச்சுக்கும். அப்பறமும் சித்த நேரம் குடிக்கட்டும்.

2003ல பிரான்ஸ்ல 180 நெறைமாசக் கொழந்தைங்களுக்கு ரத்தம் எடுக்கறப்ப நாலு வகையா பிரிச்சுப் பாத்தாங்க. பால் குடிச்ச கொழந்தைங்களுக்கும், இனிப்புத் தண்ணி குடுத்து சப்ப ரப்பர் நிப்பிள் வெச்ச கொழந்தைங்களுக்கும் வலி நல்லா கொறஞ்சுது. அம்மா பால் குடுக்காம சும்மா மடில வெச்சிருந்த கொழந்தைங்களுக்கும் வெறும் தண்ணி குடுத்த கொழந்தைங்களுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. துணிக்கு மேல தூக்கி வெச்சுக்கிட்டா மட்டும் பத்தாதுன்னு அதுல தெரிஞ்சுது. சப்பறது, இனிப்பு, சூடு, வாசம், தோல் எல்லாம் ஒட்டுக்கா சேர்றதாலதான் தாய்ப்பாலுக்கு அந்த பலம்.

பால் குடிக்கறப்ப ஊசி போட்டா பொரையேறிராதா? அப்பறம் பாலையே வெறுத்துருமோ?

இந்த பயம் நர்ஸுங்களுக்கே உண்டு. எங்க வார்டுல இத்தனை வருசத்துல ஒரு கொழந்தைக்கும் அப்படி ஆனதை நான் பாக்கல. ஒலக சுகாதார நிறுவனமே 2015ல, தடுப்பூசி போடறப்பவோ அதுக்குச் சித்த முன்னயோ தாய்ப்பால் குடுங்கன்னு எழுதிருச்சு. படுக்கப் போட்டு மட்டும் குடுக்காதீங்க, தலை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். பாலை வெறுக்கறதெல்லாம் இல்லவே இல்லீங்க, ஊசி முடிஞ்ச அடுத்த நிமிசம் அது தேடறதே உங்களைத்தான்.

தோலோட தோலு ஒட்ட வெறும் மேலோட வெச்சுக்கறதுன்னு சொல்றாங்களே, அது எதுக்கு?

கங்காரு பராமரிப்புன்னு சொல்லுவோம். கொலம்பியா நாட்டுல பொகோட்டாவுல 1978ல, இன்குபேட்டர் பத்தாக்கொறைங்கறதால டாக்டர் எட்கர் ரே ஆரம்பிச்சது. கொழந்தைக்கு டயபரும் குல்லாவும் மட்டும் போட்டு அம்மாவோட ரெண்டு மாருக்கும் நடுவுல நேரா, தவளை மாதிரி காலை மடக்கி வெச்சு, மேல சேலையோ போர்வையோ சுத்திக்கறது. ஊசிக்கு ஒரு கால் மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சா நல்லது, குதிகால் ஊசியை அப்படியே வெச்சுக்கிட்டே போடலாம். 2000ல 30 கொழந்தைங்களை வெச்சுப் பண்ணுன ஒரு ஆராய்ச்சில குதிகால் குத்தறப்ப அழுகை 82 சதவீதம் கொறஞ்சுருக்கு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா அதுக்கப்பறம் வந்ததும் அதே பக்கம்தான் சாயுது.

பால் குடிக்கத் தெரியாத குறைமாசக் கொழந்தைக்கு இதை விட நல்லது இல்லைன்னு நான் சொல்லுவேன்.

சக்கரைத் தண்ணி குடுத்தா வலி தெரியாதுன்னு படிச்சேன். அப்ப வீட்டுல பொறந்த கொழந்தை நாக்குல இனிப்புத் தொட்டு சேனை வெக்கறது நல்லதுதானுங்களே?

இல்லீங்க, இதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க, ஏன்னா ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு நெறையப் பேரு தப்புப் பண்றாங்க.

ஆஸ்பத்திரில குடுக்கறது சுத்தம் பண்ணி சீல் வெச்ச 24, 25 சதவீத இனிப்புத் தண்ணி, அதுவும் சொட்டுக் கணக்குல, அரை மில்லி ஒரு மில்லின்னு, குறைமாசக் கொழந்தைக்கு அதை விடக் கம்மியா. நாக்கு நுனில விட்டு ரெண்டு நிமிசம் கழிச்சுக் குத்துவோம், அந்த ருசிதான் வேலை செய்யுது. வயித்துக்குள்ள டியூபு வழியா விட்டா ஒரு பிரயோசனமும் இல்ல. வலிக்கப்போற அந்த நேரத்துக்கு மட்டும்தான், அழுகற போதெல்லாம் குடுக்கறதில்ல.

வீட்டுச் சேனைங்கறது வேற. நம்ம கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை எத்தனை நல்லா இருந்தாலும், அஸ்கா கரைச்சதோ கழுதைப்பாலோ, பொறந்த கொழந்தை வாயில வெச்சா சுத்தம் போயிரும், சீம்பால் குடிக்கற பசியும் போயிரும். தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமி விதை கொழந்தை கொடலுக்குள்ள மொளைச்சு தசையெல்லாம் தளர்ந்து மூச்சே நின்னுரலாம். பெரியவங்க ஆசைப்பட்டா அவங்க கையால கொழந்தையை வாங்கி நெத்தில தொட்டு வாழ்த்தட்டும், வாயில எதுவும் வேண்டாம்.

இன்னொண்ணும் சொல்லோணும். லண்டன்ல 2010ல கொழந்தைங்களோட மூளை அலையை அளந்து பாத்தப்ப, இனிப்பு குடுத்த கொழந்தை மூஞ்சி சுளிக்கறது கொறஞ்சுதே தவிர மூளைல வலிக்கான அலை கொறையலை. அழுகை நின்னா வலி நின்னுச்சான்னு இன்னும் விவாதம் நடக்குது. அதனாலதான் நான் இனிப்பை அம்மாவுக்குப் பதிலா வெக்க மாட்டேன். அம்மா இல்லாத ராத்திரி, அவசரம், அப்பத்தான்.

சிசேரியன் ஆயிருச்சு, என்னால எந்திரிச்சுக் கொழந்தை இருக்கற எடத்துக்குப் போக முடியல. என்ன பண்றது?

அப்பா போகட்டும். சட்டையைக் கழட்டிட்டு நெஞ்சுல வெச்சுக்கலாம், கையும் நெஞ்சும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாப் போதும், பீடி சிகரெட்டு வாசம் இருக்கக் கூடாது. அம்முச்சி, அப்பத்தா யாரு வேணும்னாலும் வெச்சுக்கலாம், பால் குடுக்கற அளவுக்கு இல்லைன்னாலும் தனியாப் படுத்துக் கெடக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். உங்க பாலைப் பீச்சி ரெண்டு சொட்டு வாயில விடச் சொல்லுங்க. சுத்தமான காட்டன் துணியை ரெண்டு மூணு மணி நேரம் உங்க மாருக்குள்ள வெச்சிருந்து குடுத்தனுப்புங்க, ஊசி போடற நேரம் மட்டும் நர்ஸு அதைக் கொழந்தை மூஞ்சிக்குப் பக்கத்துல புடிக்கட்டும், மூக்கை மூடாம. பழகுன வாசம் கொழந்தையை அமர்த்தும்.

இன்குபேட்டர்ல இருக்கு, தூக்கக் கூடாதுங்கறாங்க. அப்பவும் ஏதாச்சும் செய்யலாமா?

செய்யலாமுங்க. ஜன்னல்ல கையை விட்டு, ஒரு உள்ளங்கையால தலையைத் தொப்பி மாதிரி மூடுங்க, இன்னொரு கையால மடக்குன ரெண்டு காலையும் பாதத்தோட சேத்து வயித்துப் பக்கமா ஏந்திக்கோங்க. அழுத்தக் கூடாது, அசைக்கக் கூடாது, தட்டக் கூடாது. கர்ப்பத்துல இருந்த மாதிரி சுருண்டு இருக்கோணும், அவ்வளவுதான். ஊசி குத்தி முடிச்ச பொறகும் கொழந்தை அமர்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க. எடுக்கறப்பவும் ஒவ்வொரு கையா, மெதுவா.

தடவிக் குடுக்கறதுக்கும் ஒரு வேகம் இருக்கு தெரியுங்களா, ஊசிக்கு முன்ன ஒரு செகண்டுக்கு 3 சென்டிமீட்டர் வேகத்துல தடவுனா மூளைல வலிக்கான அலையே கொறையுதுன்னு ஆக்ஸ்போர்டுல 2018ல கண்டுபுடிச்சாங்க. நீங்க அளவுகோல் எடுத்துப் பாக்க வேண்டாம், தூங்கற கொழந்தையைத் தாய் தானா தடவறாளே அந்த வேகம்தான். ஆனா ஆறு ஏழு மாசத்துலயே பொறந்த கொழந்தைக்குத் தோலு காகிதம் மாதிரி இருக்கும், தடவாதீங்க, கையை வெச்சா மட்டும் போதும்.

பேசுங்க. இத்தாலில குறைமாசக் கொழந்தைங்களுக்கு குதிகால் குத்தறப்ப அம்மா பக்கத்துல இருந்து பேசுனா வலி மார்க் கொறஞ்சு, எச்சில்ல ஆக்சிடோசின்ங்கற பாசத்துக்கான ஹார்மோன் கூடியிருக்கு, 2021ல வந்தது. பாட்டுத் தெரியலைன்னு கூச்சப்பட வேண்டாம். "எங்கண்ணு, எஞ்சாமி, அம்மா இங்கதான் இருக்கறேன்"னு சத்தம் போடாம சொல்லிக்கிட்டே இருங்க, வயித்துக்குள்ள இருந்து கேட்ட கொரல் அது.

குதிகால்ல குத்தறதுக்கு முன்ன வெந்நீர் ஒத்தடம் குடுத்தா வலி கொறையுமா?

கொறையாதுங்க, சூடு எச்சாப் போனா கொப்புளம்தான் வரும். குதிகால்ல குத்தறதை விட ரத்தத்துக்காகப் பிதுக்கறதுதான் கொழந்தைக்குக் கொடுமை. நெறைமாசக் கொழந்தைக்கு எச்சா ரத்தம் வேணும்னா, கை பழகுனவங்க நரம்புல எடுக்கறது குதிகாலை விட வலி கம்மி. அதைக் கேக்கலாம். இன்னைக்கு ரெண்டு டெஸ்டு இருந்தா ஒரே குத்துல எடுக்க முடியுமான்னும் கேளுங்க, குத்தாத ஊசிதான் வலிக்காத ஊசி.

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரே கூட்டமா இருக்குது, அங்க இதெல்லாம் முடியுமுங்களா?

முடியும், கொஞ்சம் முன்னாலயே ஏற்பாடாப் போகோணும். முன்னாடி தொறக்கற ஜாக்கெட்டோ நைட்டியோ போட்டுக்கோங்க, ஒரு துண்டு எடுத்துக்கோங்க, நம்ம நம்பர் வர்றதுக்கு நாலு பேரு முன்னாடியே பால் குடுக்க ஆரம்பிங்க. வயித்துப்போக்கு வராம இருக்கக் குடுக்கற ரோட்டா சொட்டு இனிப்பா இருக்கும், அதை ஊசிக்கு முன்னாடி குடுக்கச் சொல்லுங்க. இருக்கறதுலயே எச்சா எரியற ஊசியைக் கடைசியாப் போடச் சொல்லுங்க. மேசை மேல மல்லாக்கப் படுக்க வெச்சு ரெண்டு பேரு கை காலை அமுக்கிப் புடிக்க வேண்டாம், மடிலயே போட முடியும். நர்ஸம்மாவுக்கும் நூறு கொழந்தை பாக்கற அலுப்பு இருக்கும், "அக்கா, ஒரே நிமிசம், பால் எறங்கட்டும்"னு கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க.

ஊசிக்கு முன்னயே காய்ச்சல் சொட்டு மருந்து குடுத்துட்டுப் போகலாமா?

வேண்டாம், குத்தற வலிக்கு அது கேக்காது. ஊசிக்கு அப்பறம் காய்ச்சல் வந்தா எடைக்குத் தக்கன எவ்வளவுன்னு அங்கயே எழுதி வாங்கிக்கோங்க. ஊசி போட்ட எடத்துல எண்ணெய், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம், தேய்க்கவும் கூடாது. பி.சி.ஜி. போட்ட எடம் சில வாரம் கழிச்சு பருவாட்டம் வந்து ஒடஞ்சு தழும்பாகும், அது சகஜம், பிதுக்காதீங்க.

ஊசிக்கு அப்பறம் அழுகை நிக்கல, "உரம் விழுந்துருச்சு, எடுத்துட்டு வாங்க"ங்கறாங்க.

தயவு செஞ்சு வேண்டாமுங்க. சேலைல போட்டு உருட்டறதும் காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கறதும் பச்சக் கொழந்தை கழுத்துக்கும் மூளைக்கும் ஆபத்து. ஊசி போட்ட தொடை வலிக்குது, அதான் அழுகுது. மேலோட போட்டுக்கிட்டுப் பால் குடுங்க. மூணு மணி நேரத்துக்கு மேல விடாம அழுதாலோ, பால் குடிக்காமத் துவண்டாலோ, 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்.

இது எல்லா வலிக்கும் பத்துமா?

பத்தாது. நெஞ்சுல டியூபு போடறது, மூச்சுக்குழாய் போடறது, ஆபரேசன் இதுக்கெல்லாம் வலி மருந்து வேணும், "எங்கொழந்தைக்கு வலிக்கு என்ன குடுக்கறீங்க"ன்னு கேக்கறது உங்க உரிமை. மேல சொன்னதெல்லாம் அப்ப மருந்தோட சேத்துச் செய்யறது.

"ஊசி போடறோம், அக்கட்டால போய் நில்லுங்க"ன்னு வெளிய அனுப்பறாங்களே, என்ன சொல்றது?

எனக்கும் அதுதான் நடந்துச்சுங்க. எம்பொண்ணு எட்டு மாசத்துல பொறந்தா. நானே நர்ஸு, ஆனா அன்னைக்கு ஒரு அம்மாவாத்தான் அந்தக் கதவுக்கு வெளிய நின்னேன், வென்ஃப்ளான் மூணு எடத்துல குத்திப் பாத்தாங்க, நாலாவது தடவைதான் கெடச்சுதாம். அந்த அழுகை கீச்சுன்னு கேட்டு அப்பறம் நின்னு போச்சு, நின்னதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. மாருல பால் கட்டி ஜாக்கெட்டெல்லாம் நனஞ்சு போய் நான் இங்க நிக்கறேன், அது அங்க கெடக்குது. நாலு சொவத்துக்கு அக்கட்டால இருந்த மருந்து நான்தான்னு அன்னைக்கு எனக்குச் சொல்ல யாருமில்ல.

அதனால நீங்க கேளுங்க. சண்டை போட வேண்டாம், "நான் பாத்து பயப்பட மாட்டேனுங்க, நான் பால் குடுத்துட்டே இருக்கறேன், நீங்க போடுங்க"ன்னு சொல்லுங்க. மாட்டேன்னா "தலையை மட்டும் புடிச்சுக்கறேன்"னு கேளுங்க. அம்மா வார்டுக்குள்ள இருந்தா கிருமி வரும்னு சொன்னா, நம்ம நாடு உள்பட அஞ்சு நாட்டுல எடை கொறஞ்ச கொழந்தைங்களைப் பொறந்த ஒடனே ஐ.சி.யூக்குள்ளயே அம்மா மேலோட வெச்சுப் பாத்ததுல எறப்பு கால்வாசி கொறஞ்சுதுன்னு 2021ல வந்துருச்சு, அதைப் பணிவாச் சொல்லலாம். சில வேளை நெசமாவே வெளிய நிக்க வேண்டி வரும், ஆபரேசன் மாதிரி சுத்தமா செய்ய வேண்டிய வேலைன்னா. அப்ப எப்ப முடியும்னு கேட்டு வெச்சுக்கிட்டு, முடிஞ்ச ஒடனே உள்ள விடச் சொல்லுங்க.

எங்க வூட்டுக்காரரு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் போடுவாரு. அவரு நிக்கோணுமா?

சேர்ல உக்காரட்டும். ஊசியைப் பாக்க வேண்டாம், கொழந்தை மூஞ்சியையே பாத்துட்டு அதோட சின்னக் கையில தன் வெரலைக் குடுக்கட்டும், அது இறுக்கிப் புடிச்சுக்கும்.